வின்ச், லைட் பார், ஸ்நார்கல்: எதை முதலில் மாட்டுவது?

மார்ச் 3, இரவு 8:15 (கேள்வி)

"அண்ணா, பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்று வாங்கியிருக்கிறேன். சேஸிஸ் வண்டி, டீசல். ஸ்டீல் பம்பர், வின்ச், 180 வாட் லைட் பார், ஸ்நார்கல், ரூஃப் கேரியர் எல்லாம் பெட்டியோடு வந்து கிடக்கிறது. சனி, ஞாயிறில் நானும் நண்பனும் சேர்ந்து மாட்டிவிடலாம் என்று திட்டம். சுலபமானதில் தொடங்கலாமே என்று லைட் பாரை எடுத்து வைத்திருக்கிறேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து லைன் எடுத்தால் போதும்தானே?"

மார்ச் 3, இரவு 9:40

போதாது. 180 வாட்டை 12-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். அந்த சாக்கெட்டின் ஃபியூஸே பெரும்பாலும் 10 அல்லது 15. போட்டதும் எரியும், பத்து நிமிடத்தில் ஃபியூஸ் போகும், பெரிய ஃபியூஸாகப் போட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றியது. என் முதல் வண்டியில் 15 இருந்த இடத்தில் 30 போட்டேன். அடுத்த முறை ஃபியூஸ் போகவில்லை, வயர் போனது. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாடை. வண்டியை நிறுத்தி, பேட்டரி டெர்மினலைக் கழற்ற ஸ்பேனர் தேடிய அந்த ஒன்றரை நிமிடம் இன்னும் மறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு கட்டில் இருந்த ஏழெட்டு வயரும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடந்தன. ஹார்ன், வைப்பர், மீட்டர் லைட் எல்லாம் அதே கட்டில்தான்.

ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ற ஃபியூஸ்.

ரிலே போடுங்கள், அதாவது சின்னக் கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். அடியில் எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87-இலிருந்து லைட்டுக்கு. 85 எர்த்துக்கு. 86-க்கு சுவிட்ச். சுவிட்சில் ஓடுவது ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான், அதனால் டாஷ்போர்டுக்குள் மெல்லிய வயர் போதும். 15 ஆம்பியரும் பானெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும்.

இணைப்புகளை எல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். பிடுங்கினாலும் வராது.

மார்ச் 3, இரவு 10:05

ஒன்று விட்டுப்போனது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் அழகாக ஃபியூஸ் மாட்டிவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நாலு மீட்டர் வயரை அம்போ என்று விட்டவர்கள் உண்டு. அந்த நாலு மீட்டரில் எங்காவது தகட்டு விளிம்பில் உரசித் தோல் உரிந்தால், நடுவில் தடுக்க ஒன்றும் கிடையாது.

மார்ச் 4

வயர் தடிமன் கேட்டிருந்தீர்கள். போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர் என்று எட்டு மீட்டர் வைத்துக்கொள்வோம். 15 ஆம்பியருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் போய்விடும். 2.5 போட்டால் 0.8. 4 போட்டால் அரை வோல்ட். நான் 4 போடுவேன். வோல்ட் குறைந்தால் வெளிச்சம் மங்கும்.

அதே நாள், மதியம்: மேலே கடைசி வரி ஹாலஜனுக்குத்தான் சரி. எல்.ஈ.டி. லைட் பாருக்குள் டிரைவர் சர்க்யூட் இருக்கும். வோல்ட் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுத்து அதே வெளிச்சத்தைக் கொடுத்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, வயர் மட்டும் சுடும். அதனால் "நல்லாத்தானே எரியுது" என்று விடாதீர்கள். அரை மணி நேரம் எரியவிட்டு வயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் தடிமன் பத்தவில்லை.

மார்ச் 6

இரண்டு நாளாக லைட்டைப் பற்றியே பேசிவிட்டோம், கேட்ட கேள்வி எதை முதலில் என்பது. லைட் பார் கடைசி. அது பம்பரில் உட்காரப் போகிறது, பம்பருக்குள் வின்ச், அதாவது மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார், உட்காரப் போகிறது. ஆக முதலில் வின்ச். அதுவும் வண்டியில் இல்லை, தரையில்.

பம்பரைத் தரையில் கவிழ்த்துப் போட்டு வின்ச்சை அதில் முடுக்கிவிட்டு, இரண்டையும் ஒன்றாகத் தூக்கி வண்டியில் மாட்ட வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். பம்பரை சேஸிஸில் ஏற்றி, எட்டு போல்ட்டையும் முறுக்கி, தள்ளி நின்று பார்த்து ரசித்தேன். அப்புறம் வின்ச்சைத் தூக்கி உள்ளே சொருகப் போனால் வழியே இல்லை. எப்படியோ சாய்த்து நுழைத்தாலும் போல்ட் போடக் கை போகவில்லை. வின்ச் காலில் நாலு பள்ளம் இருக்கும், அதில் சதுர நட்டை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து போல்ட்டை ஏற்ற வேண்டும். மூன்று நட்டை இரண்டு விரலால் எட்டி நுழைத்துவிட்டேன். நாலாவது நழுவி பம்பருக்குள் விழுந்தது. காந்தம் கட்டிய கம்பி, வளைத்த கம்பி எல்லாம் விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. பம்பரைக் கழற்றினோம். கவிழ்த்துக் குலுக்கினோம். அப்போதும் வரவில்லை. வேறு நட்டு வாங்கிப் போட்டேன்.

ஏற்றுவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள்: ஃப்ரீ ஸ்பூல் லீவர் கைக்கு எட்டுகிறதா? அதாவது, கயிறைக் கையால் இழுத்து வெளியே எடுக்க டிரம்மை விடுவிக்கும் லீவர். சில பம்பரில் அதற்கு ஓட்டையே விட்டிருக்க மாட்டார்கள். சேற்றில் மாட்டி நிற்கும்போது அது தெரியவரக் கூடாது.

மார்ச் 6, இரவு

"ஏர்பேக் இருந்தால் பம்பர் மாற்றலாமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மோதலில் முன்பக்கம் எவ்வளவு வேகமாக நசுங்குகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் சென்சார் முடிவெடுக்கிறது. முரட்டு இரும்பை நேராக சேஸிஸில் முடுக்கினால் அந்தக் கணக்கு மாறிவிடும். உங்கள் மாடலுக்கென்று ஏர்பேக்கோடு சேர்த்துச் சோதித்த பம்பர் கிடைத்தால் மட்டும் மாட்டுங்கள். சட்டமும் ஊருக்கு ஊர் வேறு, வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மார்ச் 9

வின்ச் வயரிங். முதல் நாள் "எல்லாவற்றுக்கும் ஃபியூஸ்" என்கிற தொனியில் எழுதியிருந்தேன். வின்ச் அதில் சேராது. 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுவை எழுதிய 12 வோல்ட் வின்ச், முழு இழுப்பில் 400 ஆம்பியர் பக்கம் குடிக்கும். அதற்கு ஃபியூஸ் வைப்பவர்கள் குறைவு. கையால் திருப்பித் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச்தான் பெரும்பாலானவர்கள் வழி. வின்ச் வேலை இல்லாதபோது அந்தக் கேபிளில் கரண்டே இருக்கக் கூடாது. ஒரு சின்ன இடிபாட்டில் கேபிள் நசுங்கி பாடியைத் தொட்டால், பேட்டரி தன் மொத்த பலத்தையும் அங்கே கொட்டும்.

எர்த் கேபிளை பம்பரிலோ சேஸிஸிலோ முடுக்காதீர்கள். நேராக பேட்டரி நெகட்டிவ்வுக்கே கொண்டுபோங்கள்.

400 ஆம்பியரை ஆல்டர்னேட்டர் கொடுக்காது. அது கொடுப்பது அதில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. மீதி பேட்டரியின் கைக்காசு. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கொஞ்சம் இழுங்கள், நிறுத்துங்கள், மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், மறுபடி இழுங்கள்.

மார்ச் 9, கொஞ்ச நேரம் கழித்து

பெட்டியில் போட்டிருக்கும் அந்த 4,300 கிலோ, டிரம்மில் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் பலம். மேலே ஒவ்வொரு அடுக்கு ஏற ஏற டிரம் தடிக்கும், இழுவை குறையும். அதனால்தான் சாமான் ஏற்றிய வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். பலம் பத்தவில்லை என்றால் ஒரு கப்பி மாட்டிக் கயிறைத் திருப்பி வண்டிக்கே கொண்டுவந்து கட்டுங்கள். இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகம் பாதி. கடைசி ஐந்து சுற்று டிரம்மை விட்டுப் போகக் கூடாது. கயிறை டிரம்மோடு பிடித்திருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூ சுமை தாங்க வைத்ததில்லை, சுற்றுகளின் பிடிமானம்தான் சுமையைத் தாங்குகிறது.

புது வின்ச் என்றால் முழுக் கயிறையும் வெளியே விட்டு, வண்டியின் எடையையே சுமையாக வைத்து இறுக்கமாக மறுபடி சுற்றுங்கள். தொழிற்சாலையில் சுற்றியது தளர்வாக இருக்கும். அப்படியே விட்டால் முதல் பெரிய இழுப்பிலேயே மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து சிக்கிவிடும்.

மார்ச் 12

"அண்ணா, நீங்க ரொம்பப் பயமுறுத்துறீங்க. லைட் பார் மாட்டலாமான்னுதான் கேட்டேன்."

எலி கோவணத்தைக் கடிக்கிறது என்று பூனை வளர்த்த சந்நியாசி கதை தெரியுமே? பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு, பசுவை மேய்க்க ஆள். லைட் பாருக்கு பம்பர், பம்பர் வந்ததால் வின்ச், அந்த எடைக்கு ஸ்பிரிங், ஸ்பிரிங் உயர்ந்ததால் ஷாக், அப்புறம் பெரிய டயர். உங்களிடம் ஏற்கெனவே ஐந்து பெட்டி. அடுத்த ஐந்து பெட்டி எது என்று இப்போதே எனக்குத் தெரியும்.

மார்ச் 15

எடைக் கணக்கு. இதைத்தான் யாரும் போடுவதில்லை. ஸ்டீல் பம்பர் 60 கிலோ, கம்பிக் கயிறு சுற்றிய வின்ச் 40 கிலோ என்று வைப்போம். மொத்தம் 100. ஆனால் முன் ஆக்சில் சுமப்பது 100 இல்லை. வின்ச் இருப்பது முன் சக்கரத்துக்கும் முன்னால், சுமார் 80 செ.மீ. தள்ளி. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2.4 மீட்டர் என்றால் முன் ஆக்சிலில் 133 கிலோ ஏறும், பின் ஆக்சிலில் 33 கிலோ குறையும். ஏற்றம் இறக்கப் பலகையில் முன்னால் ஆள் உட்கார்ந்தால் பின்னால் எழும்புவது மாதிரிதான்.

நான் எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் சக்கரம் தனியாக, முழு வண்டி தனியாக என்று இரண்டு முறை ஏற்றி எடுத்தேன். முன்பக்கம் இரண்டரை செ.மீ. அமுங்கியிருந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு குத்தியது. ஸ்பிரிங் மாற்றியதும் மூக்கு நிமிர்ந்தது, ஹெட்லைட்டும் சேர்ந்து நிமிர்ந்தது. எதிரே வந்த ஒவ்வொருவரும் டிம் போடச் சொல்லிக் கண்ணடித்தார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் தொட்டால் ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இப்போது நான் சொல்கிறேன்.

சிந்தெடிக் கயிறுக்கு மாறினால் முன்னாலிருந்து பத்துக் கிலோ போல இறங்கும். அறுந்தாலும் கம்பிக் கயிறு அளவுக்குச் சாட்டையடி இருக்காது. ஆனால் கம்பிக் கயிறு ஓடிய பழைய ரோலரில் பிசிறு தட்டியிருக்கும், அதிலேயே சிந்தெடிக்கை ஓட்டினால் நார் நாராகப் பிய்ந்துவிடும். ரோலருக்குப் பதில் வழவழப்பான அலுமினிய ஹாஸ் (கயிறு வெளியே வரும் வாய்) போடுங்கள். வெயிலும் அதற்கு எதிரி.

மார்ச் 22

பம்பரும் வின்ச்சும் ஏறிவிட்டதாம். வாழ்த்துகள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெயின்ட் அமுங்கும், வாஷர் உட்காரும், முறுக்கு தளரும். முறுக்கிய போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகினால் போல்ட் நகர்ந்திருக்கிறது, குனிந்து பார்த்தாலே தெரியும். திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போடுவதானால் நீலம். சிவப்பு போட்டால் பிறகு சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும்.

ஏப்ரல் 5

ஸ்நார்கல், அதாவது இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுத்துக் கொடுக்கும் குழாய். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஓட்டை போட்டால் போட்டதுதான்.

பெட்டியோடு டெம்ப்ளேட் தாள் வரும். ஃபெண்டரில் ஒட்டி, புள்ளி வைத்து, துளை போடச் சொல்வார்கள். ஃபெண்டர் வளைந்தது, தாள் தட்டை. ஒட்டும்போது ஒரு மூலை சுருங்கினால் அந்தப் பக்கத்துத் துளை நாலைந்து மி.மீ. நகர்ந்துவிடும். நான் தாளை ஒட்டினேன், புள்ளி வைத்தேன், தாளை உரித்துவிட்டு ஸ்நார்கலையே தூக்கி வைத்துப் பார்த்தேன். அதன் பின்னால் நீட்டி நிற்கும் ஆறு ஸ்டட்டில் இரண்டு, புள்ளிக்கு வெளியே நின்றன. ஸ்டட் நுனியில் கொஞ்சம் பெயின்ட் தடவி, ஸ்நார்கலை அப்படியே ஃபெண்டரில் அழுத்தி எடுத்தேன். உண்மையான இடம் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகும் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா நின்றேன். முதல் துளை தகட்டைத் துளைத்து உள்ளே போன சத்தம் வயிற்றுக்குள் கேட்டது.

டேப் ஒட்டி அதன் மேல் துளையிட்டால் பெயின்ட் பிளக்காது. முதலில் சின்ன பிட், பிறகு பெரியது, நடுவில் உள்ள பெரிய வட்டத்துக்கு ஹோல் சா. பின்னால் என்ன இருக்கிறது என்று வீல் ஆர்ச் லைனரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான். அங்கே வயர் கட்டு ஓடும் வண்டிகள் உண்டு. துளை விளிம்பை அரம் போட்டு, துருத் தடுப்பு பிரைமர் இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு ஸ்நார்கல். பச்சைத் தகட்டை விட்டால் அடுத்த மழைக்காலத்தில் ஸ்டட்டைச் சுற்றிப் பெயின்ட் உப்பும். இரும்புத் தூசி கவ்லுக்குள் (கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளம்) விழுந்திருக்கும், அதையும் காற்றடித்து எடுத்துவிடுங்கள், அதுதான் முதலில் துருப்பிடிக்கும்.

ஏப்ரல் 5, மாலை

மாட்டியாகிவிட்டதா? சோதனை செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்கல் வாயை ஒரு பலகையால் மூடுங்கள், கை வேண்டாம். எல்லா இணைப்பும் அடைத்திருந்தால் இன்ஜின் திணறி நிற்கப் போகும். உடனே பலகையை எடுத்துவிடுங்கள்.

என் வண்டியில் மூடினேன். இன்ஜின் எனக்கென்ன என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதாவது வேறெங்கிருந்தோ காற்று குடிக்கிறது, நாளைக்கு அதே வழியாகத் தண்ணீரும் குடிக்கும். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டால் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று சத்தம். அங்கே தண்ணீர் வடிய ஒரு சின்ன ரப்பர் மூக்கு கம்பெனியே வைத்திருக்கிறது. ஸ்நார்கல் பெட்டியில் வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அடைத்த பிறகும் லேசாக ஓடியது, பெட்டி மூடியின் ரப்பர் ஒரு இடத்தில் மடிந்திருந்தது. அதையும் சரிசெய்ததும் மூன்று விநாடியில் நின்றது. இன்ஜின் நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் ஒரு வாய் போனால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். டீசலில் அழுத்தம் அதிகம், சேதமும் அதிகம்.

ஏப்ரல் 11

"அப்போ ஸ்நார்கல் போட்டாச்சு, பானெட் உயரம் தண்ணில போலாம்?"

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது உங்களுக்காகவே சொல்லி வைத்தது. ஸ்நார்கல் இன்ஜின் மூச்சை மட்டும்தான் உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் பெட்டி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆக்சிலுக்கும் மூச்சு உண்டு, ப்ரீதர் என்று மேலே ஒரு சின்னக் குழாய். ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். ப்ரீதர் தண்ணீருக்குள் இருந்தால் அதன் வழியாக, அது அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிறகு ஆயிலைத் திறந்தால் பால் கலந்த நிறத்தில் வரும். இரண்டு ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நாலுக்கும் குழாயை நீட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அரை நாள் வேலை. ஸ்நார்கலுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது என்று இப்போது நினைக்கிறேன். வெளியே தெரியாத வேலை என்பதால் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம், நானும்தான்.

மே 2

லைட் பார் மாட்டியாச்சு, ஆனால் "சுவிட்சைப் போட்டால் அணைகிறது, அணைத்தால் எரிகிறது" என்று எழுதியிருக்கிறார். சத்தமாகச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். தம்பி, உங்கள் ரிலேயில் ஐந்து கால். நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும், லைட்டை அதில் கொடுத்திருக்கிறீர்கள். ரிலே தூங்கும்போது 30-ஐத் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான். 87-க்கு மாற்றுங்கள். நாலு கால் மட்டும் உள்ள ரிலே வாங்கச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்மேல்.

மே 2, இரவு

ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி இறங்கிவிட்டதாம். சரி, வயரின் சூட்டுச் சோதனையும் அதிலேயே முடிந்தது.

ஜூன் 14

திரும்பப் பெறுகிறேன்: மார்ச் 3-இல் ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொன்னது. இன்று என் வண்டியில் ஒரு பக்க ஃபாக் லைட் போனது. வயர் அறுந்திருந்த இடம் ஈயம் முடிந்து செம்பு தொடங்கும் எல்லை. ஈயம் வயருக்குள் கொஞ்ச தூரம் ஊறிப்போய் அந்தப் பகுதியைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடுகிறது. ஆட்டம் முழுக்க அதன் ஓரத்தில் வந்து விழுகிறது, ஒவ்வொரு இழையாக ஒடிகிறது. கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு நல்ல கிரிம்ப்தான் சரி, அதாவது வயர் நுனியில் உலோக முனையை (லக்) நசுக்கிப் பிடிக்க வைப்பது. அளவுக்கேற்ற லக், ராட்செட் கிரிம்பர், மேலே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க். கிரிம்ப் செய்ததும் இழுத்துப் பாருங்கள், வந்தால் வரட்டும், இப்போதே வரட்டும்.

ஓடுகிற வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிறக் கிளிப் உண்டே, அதையும் தவிருங்கள். ஒரு மழைக்காலம் தாங்கும். உள்ளே தண்ணீர் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு: லைட் வயரை நடுவில் வெட்டி எதையும் ஒட்டாதீர்கள். பல்பு போனதா இல்லையா என்பதைக்கூடக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கும். கூடுதல் சுமை வந்தால் டாஷ்போர்டில் விளக்கெரித்துப் புகார் சொல்லும்.

ஜூலை 6

ரூஃப் கேரியர் ஊளையிடுகிறதாம். 70-க்கு மேல் போனால் யாரோ பாட்டில் வாயில் ஊதுவது மாதிரி. முன் குறுக்குக் கம்பியில் மெல்லிய கயிறைச் சுருள் சுருளாகச் சுற்றிக் கட்டுங்கள். காற்று ஒரே சீராகப் பிரியாமல் சிதறும், சத்தம் போய்விடும்.

லைட் பாரைக் கூரையில் வைக்காததும் நல்லதே. நான் வைத்திருந்தேன். பானெட் முழுக்க வெளிச்சம் பட்டு நேரே கண்ணில் அடித்தது. தூசி, மூடுபனி என்றால் முன்னால் வெள்ளைச் சுவர்தான். பம்பருக்கு இறக்கினேன், அப்போது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைத்தது, ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் நகர்ந்தது. நாலு விரல் கீழே இறக்கியதும் அடங்கியது.

கூரையில் எவ்வளவு ஏற்றலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஓடும்போது தாங்கும் அளவு வேறு, நிற்கும்போது தாங்கும் அளவு வேறு, முன்னது மிகக் குறைவு. கேரியரின் சொந்த எடையும் அதில் சேர்த்தி. 75 கிலோ அனுமதி, கேரியர் 40 கிலோ என்றால் மிச்சம் 35. கூடுதல் சக்கரம் ஒன்றை ஏற்றினால் தீர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஜூலை 20

டயர் கேட்டவருக்கு, சுருக்கமாக. 235/75 ஆர் 15 விட்டம் சுமார் 733 மி.மீ. 31 அங்குலம் என்றால் 787. ஏழு சதவீதத்துக்கு மேல் பெரியது. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 107-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும், பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, உரசுகிறதா என்று பாருங்கள். தட்டையான தரையில் உரசாது, கடைக்காரர் அங்கேதான் காட்டுவார்.

ஆகஸ்ட் 9

இது விளையாட்டில்லை. படம் போட்டிருந்தீர்கள், முன்னால் கீழே இருக்கும் அந்தச் சின்ன வளையத்தில் இழுவைக் கயிறு மாட்டியிருக்கிறது. அது வண்டியை லாரியில் ஏற்றும்போது கட்டி வைக்க இருக்கும் வளையம். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் சுமைக்கு அது பிய்த்துக்கொண்டு பறக்கும். பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையும் அதே கதைதான். நீண்டு சுருங்கும் கயிறில் அது ஒடிந்தால் பீரங்கிக் குண்டு, ஆள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் முடுக்கிய, சுமை எண் பொறித்த ரெகவரி பாயின்ட் மட்டும். ஐந்து பெட்டியில் அது இல்லை என்பதை நான் மார்ச்சிலேயே கவனித்திருக்க வேண்டும். எதை முதலில் என்று இன்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இழுக்கும்போது கயிறின் மேல் ஒரு கனமான சாக்கைப் போடுங்கள், மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 21

ஒரு சொந்தக் கதை. இரண்டு வருடமாக என் வண்டியில் முன்னால் இடப்பக்கம் ஒரு கடகட சத்தம். மேடு பள்ளத்தில் மட்டும். ஷாக் புஷ் மாற்றினேன். ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினேன். மெக்கானிக் ஒருவர் பால் ஜாயின்ட் என்றார், அதையும் மாற்றினேன். இன்று வின்ச் கயிறு மாற்ற பம்பரைக் கழற்றி, ஒரு பக்கமாக நிமிர்த்திச் சாய்த்தபோது உள்ளிருந்து டொக்கென்று விழுந்தது. சதுர நட்டு. மூலையெல்லாம் தேய்ந்து உருண்டையாகிவிட்டது.

அக்டோபர் 12

"அண்ணா, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வைக்கலாமா? அதுக்கு ரெண்டாவது பேட்டரி வேணுமாமே?"

பசு வந்துவிட்டது.

வைக்கலாம். முன்னால் வைக்காதீர்கள், அங்கே ஏற்கெனவே 133 கிலோ. பின்னால், தரையோடு, நாலு பக்கமும் போல்ட் போட்ட தட்டில். கவிழ்ந்தாலும் நகரக் கூடாது. பழைய வகை ஆல்டர்னேட்டர் என்றால் வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே போதும். 13.3 பக்கம் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்குக் கீழே போனால் பிரித்துவிடும். இன்ஜினை அணைத்த பிறகு ஃபிரிட்ஜ் ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தின்னாது. புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் டீசல் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே வோல்ட்டை இறக்கிக்கொள்ளும், அதில் இந்த ரிலே அடிக்கடி பிரிந்துவிடும். அதற்கு, வரும் வோல்ட் இறங்கினாலும் ஏற்றிக் கொடுக்கும் டி.சி. டு டி.சி. சார்ஜர்தான். லித்தியம் பேட்டரி வைப்பதானாலும் அதுவே.

முன்னாலிருந்து பின்னால் போகும் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ். ஒரு முனையில் போட்டால் போதாது, இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. உங்கள் ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரும், பேட்டரியிலிருந்து பேட்டரி வரை கேபிள் ஓடும் நீளமும் அளந்து சொல்லுங்கள். வளைவு நெளிவோடு அளக்கவும், நேர்கோட்டில் இல்லை.